காப்பும் வாசிப்பும்: டர்பன் காந்தி–லுத்துலி ஆவண மையமும் தமிழாய்வின் கடப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காந்தி–லுத்துலி ஆவண மையம், நேட்டால் வட்டாரத்தின் குடியேற்ற வரலாற்றையும் தென்னாப்பிரிக்க நாட்டின் விடுதலைப் போராட்ட வரலாற்றையும் ஒருங்கே பேணி வருகின்றது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். அவர்தம் பெயரும் ஊரும் பதிவாகியுள்ள கப்பற் பட்டியல்கள் ரோமன் எழுத்தில் அமைந்தவை. அவற்றைச் சரியாகப் படிப்பதற்குத் தமிழ்ப் பெயரியலும் எழுத்தியலும் துணையாக வேண்டும். ஆவணத்தைத் தாளளவில் காப்பது காப்பின் ஒரு பாதியே; அதனை வாசிக்கும் திறனைக் காப்பது மறு பாதி என்பதையும், அம்மறு பாதியில் தமிழாய்வுக்கு உள்ள பங்கினையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: ஆவணக்காப்பகம், ஒப்பந்தத் தொழிலாளர், கப்பற் பட்டியல், பெயரியல், எழுத்துப்பெயர்ப்பு, வாய்மொழி வரலாறு

1. முன்னுரை

புலம்பெயர் தமிழர் வரலாறு குறித்த ஆய்வுகள் தமிழ்ச் சூழலில் பெரிதும் இலக்கியச் சான்றுகளையும் பயண நூல்களையும் அடிப்படையாகக் கொண்டே வளர்ந்து வந்துள்ளன. குடியேறிய நாடுகளின் ஆவணக்காப்பகங்களில் உள்ள முதன்மைச் சான்றுகளை வரலாற்றுத் துறையினர் ஆங்கிலத்தில் விரிவாகப் பயன்படுத்தியுள்ளனர். நேட்டாலைப் பொறுத்தவரை சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட கப்பற் பட்டியல் ஆய்வும், அஸ்வின் தேசாய், கூலம் வாஹித் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஒப்பந்தத் தொழிலாளர் வாழ்க்கை வரலாறும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. எனினும் அச்சான்றுகளுள் பொதிந்துள்ள தமிழ்ப் பெயர்கள், ஊர்கள், உறவுமுறைகள் ஆகியவற்றை மொழி நோக்கில் ஆராயும் பணி இன்னும் போதிய அளவு நிகழவில்லை.

காந்தியடிகளின் தன்வரலாற்றில் இடம்பெறும் ஒரு நிகழ்வு இங்கு நினைவுகூரத்தக்கது. 1894ஆம் ஆண்டு, தம் முதலாளியால் தாக்கப்பட்டுப் பற்கள் உடைந்த நிலையில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர் அவரிடம் முறையிட வந்தார். காந்தியடிகள் அம்முறையீட்டைத் தம் அலுவலகத்தில் பணியாற்றிய தமிழ் எழுத்தர் வாயிலாகவே அறிந்துகொண்டார். முறையிட்டவரின் காயம் கண்ணுக்குத் தெரிந்தது. முறையீடு விளங்குவதற்கு மட்டும் தமிழறிந்த ஒருவர் இடையே தேவைப்பட்டார். நேட்டால் ஆவணங்களின் இன்றைய நிலையும் இதனை ஒத்ததே. ஆவணங்கள் பேணப்பட்டுள்ளன, அவற்றுட் சிலவற்றைப் படித்துச் சொல்லத் தமிழறிந்தோர் தேவைப்படுகின்றனர். இக்கருத்தை நிறுவும் பொருட்டு, மையத்தின் தோற்றம், அதன் தொகுப்புகளின் தன்மை, கப்பற் பட்டியல்களின் மொழிச் சிக்கல்கள், தமிழில் எழுதப்பட்ட ஆவணங்களின் நிலை ஆகியன முறையே ஆராயப்படுகின்றன.

2. மையத்தின் தோற்றம்

தென்னாப்பிரிக்க அரசு 1959இல் இயற்றிய பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம், உயர்கல்வியையும் இன அடிப்படையில் பிரித்தது. அதன் விளைவாக இந்திய வம்சாவளியினர்க்கென டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சாலிஸ்பரி தீவில், முன்னர்க் கடற்படையினர் பயன்படுத்திய கட்டடங்களில், 1961ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி செயற்படத் தொடங்கியது. பின்னர் அது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 1972இல் வெஸ்ட்வில் குன்றுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. இந்திய வம்சாவளியினரின் வரலாற்றையும் பண்பாட்டையும் பேணும் நோக்குடன் 1979இல் இப்பல்கலைக்கழகத்தில் ஓர் ஆவண மையம் நிறுவப்பெற்றது. 2004ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் நேட்டால் பல்கலைக்கழகமும் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமாயின. அதன்பின் மையம் இப்புதிய பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இயங்கி வருகின்றது.

இத்தோற்ற வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. இன ஒதுக்கற் கொள்கையின் கருவியாக உருவாக்கப்பட்ட ஒரு நிறுவனமே, அக்கொள்கையை எதிர்த்தோரின் தாள்களையும் நினைவுகளையும் பேணும் இடமாக மாறியது. மையத்தின் பெயரும் இம்மாற்றத்தைச் சுட்டுகின்றது. காந்தியடிகள் 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர். ஆல்பர்ட் லுத்துலி ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவராக இருந்தவர். 1960ஆம் ஆண்டிற்கான நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். ஒருவர் குடியேறிய சமூகத்தின் உரிமைப் போராட்டத்தையும், மற்றவர் மண்ணின் மக்களுடைய விடுதலைப் போராட்டத்தையும் அடையாளப்படுத்துவோர். இருவர் பெயரும் இணைந்தமையால், ஓர் இனக்குழுவின் நினைவகமாகத் தொடங்கிய மையம் நாட்டின் வரலாற்றகம் என்னும் நிலையை எய்தியது எனலாம்.

வட்டார வரலாறும் நாட்டு வரலாறும் இம்மையத்தில் பிரிக்கவியலாதவாறு பின்னியுள்ளன. நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக 1945இல் பொறுப்பேற்ற மருத்துவர் மான்டி நாயக்கர் தமிழ் வம்சாவளியினர். அவர் 1947 மார்ச்சு 9ஆம் நாள் மருத்துவர் சூமா, மருத்துவர் தாது ஆகியோருடன் கையொப்பமிட்ட உடன்பாடு, மூன்று மருத்துவர் உடன்பாடு எனப் பெயர்பெற்று, ஆப்பிரிக்கரும் இந்தியரும் இணைந்து போராடுவதற்கு வழிவகுத்தது. ஒரு மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களில் தொடங்கிய வரலாறு, நாட்டின் அரசியலமைப்பு வரலாற்றில் சென்று சேர்ந்த பாதையை இத்தகைய தொடர்புகள் காட்டுகின்றன.

3. அரசு ஆவணமும் பல்கலைக்கழக ஆவணமும்

அரசு ஆவணக்காப்பகம் இருக்கப் பல்கலைக்கழகத்தில் தனியே ஓர் ஆவண மையம் எதற்கு என்னும் வினா எழலாம். அரசு தன் செயல்களின் பதிவுகளையே முதன்மையாகப் பேணும். ஆளப்பட்டோர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டவை அதன் வரம்பிற்குள் அரிதாகவே வரும். தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் கூட்டக் குறிப்புகள், துண்டறிக்கைகள், மடல்கள் ஆகியன இல்லப் பெட்டிகளிலும், அயல்நாடுகளில் அடைக்கலம் புகுந்தோர் கைகளிலுமே எஞ்சின. தென்னாப்பிரிக்காவில் இத்தகைய ஆவணங்களுட் பல பல்கலைக்கழகங்களையே புகலிடமாகக் கொண்டன. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆவணங்கள் போர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தில் ராபன் தீவு அருங்காட்சியகத்துடன் இணைந்த மாயிபுயே ஆவணத் தொகுப்பு உள்ளது. இவ்வரிசையில் வைத்தே டர்பன் மையத்தை மதிப்பிடல் வேண்டும்.

அரசின் பதிவுகள் நிலைத்திருக்கும் என்பதும் உறுதியன்று. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998இல் அளித்த அறிக்கை, ஆட்சி மாற்றத்திற்கு முந்தைய ஆண்டுகளில் அரசு ஆவணங்கள் திட்டமிட்டு அழிக்கப்பட்டமையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. 1993இல் சில மாத காலத்திற்குள் தேசியப் புலனாய்வு அமைப்பின் தலைமையகத்தில் மட்டும் ஏறத்தாழ 44 டன் தாள்களும் நுண்படச் சுருள்களும் அழிக்கப்பட்டதாக அவ்வறிக்கை கூறுகின்றது. இவ்வழிவிற்குப் பின் எஞ்சிய இடைவெளிகளை நிரப்புவதற்குத் தனியார் தொகுப்புகளும் வாய்மொழிச் சான்றுகளுமே பெரிதும் உதவுகின்றன.

தனியார் இடங்களும் பாதுகாப்பானவை அல்ல. காந்தியடிகள் 1904இல் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு 1985 ஆகத்தில் இனாண்டாப் பகுதியில் நிகழ்ந்த கலவரத்தில் சூறையாடப்பட்டு, அவர் வாழ்ந்த சர்வோதயா இல்லமும் அழிந்தது. அது மீளக் கட்டப்பட்டு 2000ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கட்டடத்தை மீண்டும் எழுப்ப இயலும். எரிந்த தாளை எழுப்ப இயலாது. பல்கலைக்கழகமும் இவ்விடர்க்கு விலக்கன்று. 2021 ஏப்ரல் 18ஆம் நாள் மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தை எரித்தது; ஆப்பிரிக்கவியல் நூல்களின் அரிய தொகுப்பில் பெரும்பகுதி அழிந்தது. எனவே ஒரு சான்று ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்குமாயின் அது காக்கப்பட்டதாகக் கருத இயலாது.

4. கப்பற் பட்டியல்கள்: நோக்கமும் பயனும்

4.1 பட்டியல்களின் அமைப்பு

நேட்டால் குடியேற்ற அரசு 1859இல் இயற்றிய சட்டத்தின்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை வருவிக்கத் தொடங்கியது. முதற் கப்பலாகிய ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட பெல்விடியர் அதே மாதத்தில் வந்து சேர்ந்தது. 1866 முதல் 1874 வரை ஏற்பட்ட இடைவெளி நீங்கலாக, 1911 வரை இக்குடியேற்றம் தொடர்ந்தது. மொத்தம் 1,52,184 பேர் இவ்வாறு சென்றனர். ஆண் தொழிலாளர்க்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. பின்னர் ஆண்டுக்கொரு ஷில்லிங் உயர்வு. ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் 40 பெண்கள் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி.

கப்பலில் வந்த ஒவ்வொருவர்க்கும் வரிசையாக ஒரு குடியேற்ற எண் அளிக்கப்பட்டது. அவ்வெண்ணின் கீழ்ப் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், மாவட்டம், வட்டம், ஊர், உடற்குறி ஆகியன பதியப்பட்டன. எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பதும் குறிக்கப்பட்டது. தப்பியோடியவரைப் பிடிப்பதற்கும், ஒப்பந்தக் காலத்தைக் கணக்கிடுவதற்கும், வரி தண்டுவதற்கும் அரசுக்கு இவ்வெண் தேவைப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாதோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த மூன்று பவுன் வரி 1913ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்திற்கு முதன்மைக் காரணமாயிற்று. 1914இல் அது நீக்கப்பட்டது.

4.2 நோக்கம் மாறிய ஆவணம்

கட்டுப்பாட்டுக் கருவியாக உருவான இப்பட்டியல்கள் இன்று வேறொரு பயனைத் தருகின்றன. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஜாய் பிரெயினின் முயற்சியால் பட்டியல்களின் செய்திகள் தரவுத்தளமாக்கப்பட்டன. தம் முன்னோரின் குடியேற்ற எண்ணை அறிந்த ஒருவர், அவர் ஏறிய கப்பலையும் விட்டுவந்த ஊரையும் தேடிக் காண இதனால் வழி ஏற்பட்டது. குடும்ப வரலாறு தேடுவோர்க்கும், கடல்கடந்த இந்தியர்க்கான குடியுரிமை அட்டை கோருவோர்க்கும் இப்பட்டியல்கள் சான்றாக அமைகின்றன. முன்னோரை அடையாளம் கண்டு பிடிப்பதற்கு அரசு இட்ட எண், வழித்தோன்றல்கள் அம்முன்னோரை அடையும் வழியாகிவிட்டது.

எனினும் பட்டியல்களின் வரம்புகளை மறத்தலாகாது. தம் செலவில் வணிகத்தின் பொருட்டு வந்த பயணியர் இந்தியர் இவற்றில் இடம்பெறார். வயது பெரும்பாலும் மதிப்பீடே. சாதி என்னும் பத்தியில் உள்ளது தொழிலாளர் சொன்னதா, ஆள்சேர்ப்போர் சொல்லிக்கொடுத்ததா, எழுத்தர் தம் வகைப்பாட்டிற்கேற்பச் சுருக்கியதா என்பதை ஆவணத்தைக் கொண்டே தீர்மானிக்க இயலாது. ஆகவே அப்பத்தியைச் சமூக உண்மையின் நேர்ப்பதிவாகக் கொள்ளாமல், பதிவுமுறையின் விளைவாகக் கொள்வதே நெறி.

5. பெயர்களின் உருமாற்றமும் மீட்டுருவாக்கமும்

5.1 எழுத்தியற் சிக்கல்கள்

தமிழ்ப் பெயரைச் செவியாற் கேட்ட எழுத்தர், தாம் கேட்டவாறு ஆங்கில வழக்கில் எழுதினார். அங்ஙனம் எழுதுகையில் தமிழின் மூன்று வகை வேறுபாடுகள் மறைந்தன. முதலாவது, மெய்யெழுத்து வேறுபாடு. ல, ள ஆகிய இரண்டிற்கும், பல இடங்களில் ழகரத்திற்கும் ஒரே ரோமன் எழுத்து நின்றது. அவ்வாறே ர, ற ஆகியனவும் ந, ன, ண ஆகியனவும் ஒன்றாயின. இரண்டாவது, குறில் நெடில் வேறுபாடு. குறிப்பாக எ–ஏ, ஒ–ஓ ஆகியவற்றைப் பிரித்தறிய வழியில்லை. மூன்றாவது, இரட்டித்தல். ஒற்று இரட்டித்ததா இல்லையா என்பது எழுத்தர்தம் விருப்பத்தைப் பொறுத்தது.

இவற்றின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரோமன் எழுத்தில் ஒற்றை லகரத்துடன் எழுதப்பட்ட ஒரு பெயர் வள்ளி எனவும் வாழி எனவும் வாலி எனவும் படிக்க இடந்தரும். பெண் பெயர்களில் வழங்கும் வள்ளி என்பதைத் தேர்வது எளிது. ஆனால் பாலூர், பாளூர், பழூர் போன்ற ஊர்ப்பெயர்கள் ஒரே வடிவில் வந்து நிற்கும்போது தேர்வுக்குப் பிற சான்றுகள் வேண்டும். பெண் பெயரின் ஈற்றில் வரும் அம்மா, அம்மாள், அம்மை என்பனவும் பட்டியல்களில் தெளிவாக வேறுபடுவதில்லை. மீட்டுருவாக்குவோர் தமக்குப் பழக்கமான ஈற்றை இட்டு நிரப்பிவிடும் இடர் இங்கு மிகுதி.

5.2 நிலைபெற்ற புதிய வடிவங்கள்

அக்கால ஆங்கில வழக்கில் உகரத்தைக் குறிக்க இரட்டை ஓகார எழுத்து பயன்பட்டது. நாயுடு, முத்து, குப்புசாமி போன்ற பெயர்கள் தென்னாப்பிரிக்காவில் இன்று வரை அவ்வெழுத்துமுறையிலேயே வழங்குகின்றன. எழுத்து வடிவம் நிலைத்தபின் ஒலிப்பு அதனைப் பின்தொடர்ந்தது. முனிசாமி ‘மூன்சாமி’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று. கிருஷ்ணன் ‘கிஸ்டன்’ ஆயிற்று. படையாச்சி, செட்டி, பிள்ளை போன்றவை பெரிய மாற்றமின்றி நிலைத்தன. இவற்றைப் பிழை வடிவங்கள் என ஒதுக்குதல் தகாது. நான்கைந்து தலைமுறையினர் இவ்வடிவங்களிலேயே பிறப்பும் திருமணமும் பதிந்துள்ளனர். இவையும் தமிழ்ப் பெயர் வரலாற்றின் ஒரு கிளையே.

சாமி என்னும் ஈற்றின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. தமிழ்ப் பெயர்களின் இறுதியில் இச்சொல் மிகுதியாக வந்தமையால், வெள்ளையர் இந்தியத் தொழிலாளர் அனைவரையும் இழிவுக் குறிப்புடன் ‘சாமி’ என அழைத்தனர். அச்சொல்லின் உண்மைப் பொருள் தலைவர் என்பதையும், இழிவுபடுத்த எண்ணியோர் அதனை அறியாமலே பயன்படுத்தியதையும் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் சுட்டியுள்ளார். ஒரு பெயரீற்றின் பொருளறிவு ஆவண வாசிப்பில் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

5.3 தந்தை பெயரும் குடும்பப் பெயரும்

தமிழ் மரபில் தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்கும், தலைமுறைதோறும் மாறும். நேட்டால் பதிவுமுறையோ நிலையான குடும்பப் பெயரை வேண்டிற்று. அதனால் சிலர்க்குத் தந்தை பெயரும், சிலர்க்குத் தம் பெயரும், சிலர்க்குச் சாதிப் பட்டமும் குடும்பப் பெயராயின. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வழியினர் வெவ்வேறு குடும்பப் பெயர்களைத் தாங்கியிருக்கும் நிலையும் இதனால் உண்டாகும். குடியேறிய பின் சிலர் புதிய பட்டங்களைச் சூடிக்கொண்டனர். ஆதலின் இன்றைய குடும்பப் பெயரைக் கொண்டு பட்டியலிற் பின்னோக்கித் தேடுவது பலவேளைகளில் வழிதவறச் செய்யும். குடியேற்ற எண், கப்பல், தந்தை பெயர், ஊர் ஆகிய நான்கும் ஒருங்கே பொருந்துமிடத்தே முடிவு கொள்ளுதல் வேண்டும்.

6. ஊர்ப்பெயரும் மாவட்ட எல்லையும்

பட்டியல்களில் வரும் மாவட்டப் பெயர்கள் அக்கால எல்லைகளைக் குறிப்பன. சென்னை வழியே சென்றோர்க்கு வட ஆற்காடு முதன்மையான ஊற்றிடங்களுள் ஒன்று. அக்கால வட ஆற்காடு, இன்றைய ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர்ப் பகுதியையும் உள்ளடக்கியது. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்; நேட்டாலுக்கான ஒப்பந்தக் குடியேற்றம் நின்றதும் அதே ஆண்டில்தான். ஆகவே பட்டியற் காலம் முழுமைக்கும் வட ஆற்காடு என்னும் பெயர் தமிழும் தெலுங்கும் வழங்கிய பகுதிகளைச் சேர்த்தே குறித்தது. வட ஆற்காட்டினர் என்பதாலேயே ஒருவரைத் தமிழர் எனக் கொள்வதும், நாயுடு, ரெட்டி என்னும் பட்டத்தாலேயே தெலுங்கர் எனக் கொள்வதும் போதிய அடிப்படையற்றவை.

பிற்காலப் பிரிவுகள் இத்தேடலை மேலும் கடினமாக்குகின்றன. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் வேலூர் 2019இல் மீண்டும் மூன்றாயிற்று. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. டர்பனிலிருந்து தம் முன்னோரின் ஊரைத் தேடி வரும் ஒருவர், பட்டியலிலுள்ள மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்திற் காணமாட்டார். ஊரின் பெயரோ புதூர், நல்லூர், குப்பம் என்பது போலப் பல வட்டங்களில் வழங்குவதாக இருக்கலாம். வட்டப் பெயரைத் துணையாகக் கொண்டு, பழைய மாவட்டக் கையேடுகளுடனும் நிலவரிப் பதிவுகளுடனும் ஒப்பிட்டே ஊரைத் துணிதல் இயலும். இச்சான்றுகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தைச் சார்ந்தவை. டர்பனில் உள்ள பதிவின் மறுமுனை தமிழ்நாட்டில் உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

7. தமிழில் எழுதப்பட்டவை

பட்டியல்கள் தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழரே தமிழில் எழுதியவை வேறு. 1903 சூன் மாதம் டர்பனில் தொடங்கப்பெற்ற இந்தியன் ஒப்பீனியன் இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. 1906இல் இந்தி, தமிழ்ப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. 1908இல் தோன்றிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் இதழும் தமிழுக்கு இடமளித்தது. இவையன்றிக் கோயில் அழைப்பிதழ்கள், சங்க நடவடிக்கைக் குறிப்புகள், தாயகத்து உறவினர் மடல்கள், தமிழ்ப் பள்ளிகளின் ஏடுகள் முதலியன இத்தகைய சமூகங்களின் குடும்பத் தொகுப்புகளில் இயல்பாக இடம்பெறுபவை.

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழி பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. வழிபாட்டிலும் சடங்கிலும் தமிழ் வழங்கினும், கையெழுத்துத் தமிழைத் தடையின்றிப் படிக்க வல்லோர் அருகி வருகின்றனர். இன்று மையம் அமைந்துள்ள வளாகத்தில் ஒரு காலத்தில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பாடங்களாகப் பயிற்றப்பட்டன, அந்நிலை தொடரவில்லை. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. அச்சட்ட ஏற்பு ஆவணத்தைப் படித்துத் தருவதில்லை. படிப்பதற்கு ஆள் வேண்டும்.

படிக்க இயலாத தாள் முதலில் பட்டியலிடப்படாமற் போகிறது. பட்டியலிடப்படாத தாளைத் தேடுவாரில்லை. தேடுவாரற்ற தாளை எண்மமாக்குவதற்கு முன்னுரிமை கிடைப்பதில்லை. குடும்பத்தாரும் பொருளறியாத மடலைப் பேணுவதினும் நிழற்படத்தைப் பேணவே விழைவர். வாசிப்புத் திறனின் இழப்பு, காலப்போக்கில் ஆவணத்தின் இழப்பாகவே முடியும். காப்பும் வாசிப்பும் வெவ்வேறல்ல என்னும் இக்கட்டுரையின் கருத்து இவ்விடத்தே வலுப்பெறுகின்றது.

8. வாய்மொழிச் சான்றுகள்

விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றோரின் நினைவுகளை எதிர்ப்பின் குரல்கள் என்னும் திட்டத்தின் வழியே மையம் நேர்காணல்களாகத் தொகுத்துள்ளது. அழிக்கப்பட்ட அரசுப் பதிவுகளுக்கு மாற்றாக மட்டுமன்றி, பதிவேடுகள் ஒருபோதும் எழுதியிராத வாழ்வியற் கூறுகளுக்கும் இவை சான்றாகும். இவ்வகை நேர்காணல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவன. எனினும் ஆங்கில உரையாடலின் ஊடே உறவுப்பெயர், உணவுப்பெயர், விழாப்பெயர், வசைச்சொல், தோட்டத் தொழிற்சொல் எனத் தமிழ்ச் சொற்கள் வருவதுண்டு. எழுத்தாக்கம் செய்வோர் தமிழறியாதவராயின், அச்சொற்கள் விடுபடும் அல்லது பொருளற்ற ஒலித்தொகுதியாக நிற்கும். பாட்டி, ஆயா, அவ்வா என்னும் மூன்று சொற்களுள் எதனை ஒருவர் பயன்படுத்துகிறார் என்பது அவர் குடும்பத்தின் வட்டாரத்தையும் மொழியையும் உணர்த்தவல்ல குறிப்பு. ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்றும் ஒன்றாகிவிடும்.

9. செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் தமிழாய்வு நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகள் பின்வருமாறு முன்மொழியப்படுகின்றன.

முதலாவது, பட்டியல்களின் ரோமன் வடிவத்தை மாற்றாமல், அதனருகே தமிழ் வடிவத்தைத் தனிப் பத்தியாகச் சேர்த்தல். மீட்டுருவாக்கம் உறுதியானதா, இயல்வதா, ஐயத்திற்குரியதா என்பதை ஒவ்வொரு பெயர்க்கும் குறித்தல் வேண்டும். மூல வடிவத்தைத் திருத்தி எழுதுவது சான்றை அழிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஊர்ப்பெயர் அடைவு உருவாக்குதல். பட்டியல் வடிவம், தமிழ் வடிவம், அக்கால மாவட்டமும் வட்டமும், இன்றைய மாவட்டமும் வட்டமும் என்னும் நிரல்களில் அது அமையலாம்.

மூன்றாவது, தமிழில் உள்ள தாள்களுக்கு விளக்க அட்டவணை ஆயத்தம் செய்தல். ஒவ்வொன்றன் காலம், எழுதியோர், பெறுநர், பொருட்சுருக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருதல் போதும். முழுப் பதிப்பு பின்னர் வரலாம். தமிழ்நாட்டு முனைவர்பட்ட மாணவர்க்கு இது பொருத்தமான களப்பணியாக அமையும்.

நான்காவது, நேர்காணல்களில் வரும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து நேட்டால் தமிழ்ச் சொல்லடைவு ஒன்றை உருவாக்குதல். பேசியோர் எஞ்சியிருக்கும் காலத்திலேயே இது செய்யப்பட வேண்டும்.

இப்பணிகளில் ஓர் அறநெறி வரையறையும் தேவை. பட்டியலின் சாதிப் பத்தியும், தண்டனை, நோய் பற்றிய குறிப்புகளும் இன்று வாழும் குடும்பங்களைத் தொடுவன. ஆய்விற்கு இன்றியமையாத இடத்திலன்றி அவற்றைத் தனியாள் பெயருடன் இணைத்து வெளியிடலாகாது. மேலும், எண்மப் படிகள் தமிழ்நாட்டிற்கு வந்தாலும் ஆவணத்தின் உரிமையும் பொறுப்பும் டர்பனுக்கும் அங்குள்ள மக்களுக்குமே உரியன. தமிழாய்வு அங்குச் செல்ல வேண்டியது துணையாகவே.

10. முடிவுரை

காந்தி–லுத்துலி ஆவண மையம், இன ஒதுக்கலுக்கென அமைக்கப்பட்ட ஒரு கல்வி நிறுவனத்தில் தோன்றி, வட்டார வரலாற்றையும் நாட்டு வரலாற்றையும் இணைக்கும் சான்றகமாக வளர்ந்துள்ளது. அரசுப் பதிவுகள் அழிக்கப்பட்ட ஒரு நாட்டில், இத்தகைய பல்கலைக்கழக மையங்களே ஆளப்பட்டோரின் வரலாற்றிற்கு அரணாக உள்ளன. கப்பற் பட்டியல்கள் கட்டுப்பாட்டின் கருவியாகப் பிறந்து, வேரைத் தேடுவோர்க்கு வழிகாட்டியாக மாறியுள்ளன. ஆயினும் அவற்றிலுள்ள பெயர்களும் ஊர்களும் ரோமன் எழுத்தின் வரம்பினால் மங்கியே நிற்கின்றன. தமிழில் எழுதப்பட்ட தாள்களோ வாசிப்போர் அருகியமையால் வாளாது கிடக்கும் இடர்க்கு உட்பட்டுள்ளன.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் முன் நின்று தம் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் சொன்னவர்கள், தமிழிலும் தெலுங்கிலும் சொன்னார்கள். எழுத்தர் எழுதியது மட்டுமே நம் கைக்கு வந்துள்ளது. அவ்வெழுத்திலிருந்து அவர்கள் சொன்னதை, இயன்ற அளவிற்கு, ஐயத்தை ஐயமாகவே காட்டி மீட்டுத் தருதல் தமிழாய்வு ஏற்கவேண்டிய கடப்பாடாகும்.